கூட்டல் பிழையும் கருணை மதிப்பெண்ணும்

என் கல்விக் கடன் கணக்கில் ஐம்பதாயிரத்துச் சொச்சம் ரூபாயை வங்கி திருப்பி வரவு வைத்தது 2023 மார்ச்சில். பணம் வந்தாயிற்று, தவணைக் காலமும் ஒரு வருடத்துக்கு மேல் குறைந்தது, அதோடு விட்டுவிட வேண்டியதுதான். வீட்டில் எல்லோரும் விட்டுவிட்டார்கள். எனக்குத்தான் அந்தக் கடிதம் பல்லிடுக்கில் மாட்டிய பாக்குத் துண்டு மாதிரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆங்கிலத்தில் ஐந்து வரி. கணக்கை மறுபடி பார்த்தோம், இவ்வளவு தொகையை வரவு வைத்தோம், இத்துடன் புகார் முடிந்தது. எல்லாம் சரி. நடுவில் ஒரு வரி: "வாடிக்கையாளர் உறவைக் கருதி, ஒருமுறைச் சலுகையாக." என்னிடமிருந்து கூடுதலாக எடுத்த காசை எனக்கே சலுகையாகக் கொடுத்திருக்கிறார்கள்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்த சித்தி மகன், மூன்றாம் வருடம் படிக்கிறவன், "அண்ணே, லோன் ஸ்டேட்மெண்ட்டை எல்லாம் நாம பாக்கணுமா என்ன, அதான் சிஸ்டம் போடுதே" என்றான். அந்த ஒரு கேள்விக்குப் பதிலாகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பென்ஷனில் குறைந்த ஆறாயிரம்

நான் பொறியியல் சேர்ந்தது 2012-ல். அப்பா அருப்புக்கோட்டையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் தமிழ் ஆசிரியர். குடும்பத்தின் ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் படிக்கிற காலத்து வட்டியை மத்திய அரசே கட்டிவிடும் திட்டம் அப்போது வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அப்பாவின் சம்பளம் அந்தக் கோட்டைக் கொஞ்சம் தாண்டி நின்றது, எனவே மானியம் இல்லை. ஃபீஸும் ஹாஸ்டலுமாக வருடத்துக்கு 70,000, நாலு வருடத்துக்கு 2,80,000 என்று கடன் கிடைத்தது. என்னோடு சேர்ந்து அப்பாவும் கடனாளி. கையெழுத்துப் போட்ட அன்று இருபது இடத்திலாவது போட்டிருப்பார். ஒவ்வொரு தாளையும் முழுசாகப் படித்துவிட்டுத்தான் பேனாவைத் திறந்தார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், எனக்கு மானம் போனது. கடன் வழங்கிய ஆணையை வீட்டுக்கு வந்ததும் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் இருக்கும் ஃபைலில் செருகி வைத்தார். அந்த ஃபைலைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

படிப்பு 2016-ல் முடிந்தது. ஒரு வருடம் கழித்து, 2017 ஜூனில் இருந்து பத்து வருடத் தவணை, மாதம் 5,975 ரூபாய். ஒரு மாதம்கூடத் தவறவில்லை. 2022-ல் வேலை மாறினேன். சம்பளக் கணக்கு வேறு வங்கிக்குப் போனதால், தவணையைத் தானாக எடுத்துக்கொள்ளப் புதிதாக எழுதிக் கொடுத்தேன். அது நடைமுறைக்கு வந்த அதே ஏப்ரலில், 2012-ல் அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்த பழைய ஏற்பாடு ஒன்று எங்கோ விழித்துக்கொண்டது. ஒரே தவணை இரண்டு பக்கமும் போக ஆரம்பித்தது. என் கணக்கில் ஒன்று, அப்பாவின் பென்ஷன் கணக்கில் ஒன்று. ஏப்ரல், மே, ஜூன், மூன்று மாதம்.

எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும், ஏப்ரலிலேயே பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பார்த்துவிட்டார். ஜூலையில் வேறு எதற்கோ போன் செய்தபோது அம்மாதான் வாய்விட்டார், "ஒனக்கு அங்க வேலை கீல போயிருச்சாடா?" என்று. அப்பா போனை வாங்கிக்கொண்டார். "இல்ல தம்பி, தவணை என் கணக்குலேர்ந்து போகுது. ஒனக்குக் கைல காசு நெருக்கடியோன்னு நெனச்சேன். கேட்டா சங்கடப்படுவியேன்னு விட்டுட்டேன்." மூன்று மாதம், 17,925 ரூபாய். மாத்திரை வாங்குகிற பணத்தில் இருந்து எடுத்து மகனின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு ஒரு மனுஷன் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். வங்கிமேல் எனக்கு வந்த முதல் கோபம் இதற்காகத்தான், வட்டிக்காக அல்ல.

அடுத்த சனிக்கிழமை கிளைக்குப் போனோம். அங்கே இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "சார், எக்ஸ்ட்ராவா போன பணம் எங்கயும் போயிடலையே. உங்க லோன்லதானே வரவாகியிருக்கு. அசல் குறைஞ்சிருக்கு. உங்களுக்கு நஷ்டம் ஒண்ணுமில்லையே." கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு பாதி வழி வந்த பிறகுதான் எரிச்சல் வந்தது. என் சட்டைப்பையில் இருந்து எடுத்து என் உண்டியலில் போட்டாலும், எடுத்தது எடுத்ததுதானே. அதுவும் என் சட்டைப்பை இல்லை, அப்பாவுடையது.

எழுத்தில் கொடுத்த பிறகு பத்து நாளில் அந்த 17,925-ஐ அப்பா கணக்குக்கே திருப்பிவிட்டார்கள். இதோடு முடிந்திருக்க வேண்டிய கதை. திருப்பியதைக் கடன் கணக்கில் சரியாகக் கழித்தார்களா என்று பார்க்க ஒரு ஸ்டேட்மெண்ட் கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் அப்பாவிடம் படித்தவர். வாத்தியாரைப் பார்த்ததும் எழுந்து நின்றவர், கேட்டது ஆறு மாதத்துக்குத்தான் என்றாலும், 2012 ஆகஸ்டில் இருந்து மொத்தத்தையும் அச்செடுத்துக் கொடுத்துவிட்டார். குரு தட்சிணை என்று நினைத்தாரோ, தேதியைத் தப்பாகப் போட்டாரோ, தெரியாது.

டிசம்பரும் ஜனவரியும்

கூடத்தில் தாள்களைத் தரையில் வரிசையாகப் பரப்பினோம். மின்விசிறிக் காற்றுக்குப் பறக்காமல் இருக்க அரிசிப் படி, டார்ச் லைட், அம்மாவின் கண்ணாடிப் பெட்டி என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் மேலே வைத்தோம். நான் லேப்டாப்பில் கூட்டுத்தொகைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் பைசா சுத்தமாகப் பொருந்தியது. அப்பா ஒரு ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து, பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி ஒவ்வொரு வரியாக இறங்கிக்கொண்டிருந்தார். முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார். முஷ்டியை மடக்கி விரல் எலும்பு மேடுகளைத் தொட்டு எண்ணினார்.

"டிசம்பருக்கு முப்பத்தோரு நாள். ஜனவரிக்கும் முப்பத்தோரு நாள்தானே?"

"ஆமா."

"ரெண்டு மாசத்துலயும் கடன் அதே எழுபதாயிரந்தானே?"

"ஆமா. ரெண்டாவது வருசப் பணம் அடுத்த ஆகஸ்டுலதான்."

"அப்போ டிசம்பர்ல 742-ன்னும் ஜனவரில 750-ன்னும் ஏன் போட்டிருக்கான்?"

எட்டு ரூபாய் வித்தியாசம். முதலில் நான் அலட்சியமாகத்தான் பார்த்தேன். ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் 70,000 ரூபாய்க்கு 31 நாளுக்கு எவ்வளவு என்று தட்டிப் பார்த்தேன். 713 ரூபாய். டிசம்பரிலும் 713, ஜனவரியிலும் 713 இருக்க வேண்டும். ஆகஸ்ட் வட்டி 713 சரியாகத்தான் இருந்தது. செப்டம்பரில் இருந்து, முந்தைய மாத வட்டியையும் அசலோடு சேர்த்து, அதற்கும் வட்டி போட்டிருந்தார்கள். ஒவ்வொரு மாதமும். நாலே முக்கால் வருடம்.

இது ஏன் கண்ணில் படாது என்றால், மாதங்களின் நீளம் வேறு வேறு. செப்டம்பருக்கு 30 நாள் என்பதால் வட்டி ஆகஸ்டைவிடக் குறைவு, 697. அக்டோபரில் கூடும், நவம்பரில் குறையும். ஏறி இறங்குகிற எண்களுக்கு நடுவே மெல்ல ஏறுவது தெரியாது. ஒரு வருடத்தில் 31 நாள் மாதங்கள் அடுத்தடுத்து வருவது இரண்டே இடத்தில்தான். ஜூலை-ஆகஸ்ட், டிசம்பர்-ஜனவரி. அங்கே மட்டும்தான் குட்டு வெளிப்படும். எக்செல்லில் நான் தேடியது கூட்டல் பிழையை. கூட்டலில் பிழையே இல்லை, கூட்டியதே பிழை.

வங்கிகளில் கடனுக்கு மாதாமாதம் வட்டியை அசலோடு சேர்ப்பது வழக்கம்தானே என்று கேட்கலாம். வீட்டுக் கடனுக்கு, தொழில் கடனுக்கு, ஆமாம். கல்விக் கடனுக்கு மட்டும் இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரித் திட்டத்தில் தனியாக ஒரு விதி உண்டு. படிக்கும் காலத்திலும், அதற்குப் பிறகு தவணை தொடங்கும் வரைக்கும் தனிவட்டிதான், அதாவது அசலுக்கு மட்டும்தான் வட்டி. தவணை தொடங்கும்போது, சேர்ந்த வட்டியை ஒரே ஒருமுறை அசலோடு சேர்த்துத் தவணை போட வேண்டும். அப்பா எழுந்துபோய் ரேஷன் கார்டு ஃபைலை எடுத்து வந்தார். கடன் ஆணையின் இரண்டாம் பக்கத்தில், பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க அவர் படித்த அதே பக்கத்தில், அந்த விதி இருந்தது.

அன்று ராத்திரி உட்கார்ந்து மொத்தக் கணக்கையும் போட்டேன். எண்களை இங்கே உருட்டிச் சொல்கிறேன். தனிவட்டி என்றால் படிப்புக் கால வட்டி 1,09,000 ரூபாய். அவர்கள் போட்டது 1,36,000. வித்தியாசம் 27,000. அந்த 27,000-ஐயும் அசலாக்கித் தவணை போட்டதால், மாதம் 5,585-ஆக இருக்க வேண்டியது 5,975 ஆயிற்று. மாதம் 390 ரூபாய். ஐந்து வருடத்துக்கு மேல் அதைக் கட்டி, அதன் மேலும் வட்டி ஓடியதில், 2022 ஜூலையில் கணக்கைத் திருத்தினால் பாக்கி ஐம்பதாயிரம் ரூபாய் குறைய வேண்டும். எட்டு ரூபாயில் ஆரம்பித்தது.

அப்போதுதான் இன்னொன்று ஞாபகம் வந்தது. 2020 நவம்பரில் இதே கணக்கில் ஐந்நூற்றுச் சொச்சம் ரூபாய் திடீரென்று வரவாகியிருந்தது. கொரோனா காலத்தின் ஆறு மாதத்துக்கு, மார்ச் முதல் ஆகஸ்ட் வரை, கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டு கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்குத் திருப்பித் தருவதாக மத்திய அரசு அந்த அக்டோபரில் அறிவித்திருந்தது. கல்விக் கடனும் அதில் உண்டு. நான் ஒழுங்காகத் தவணை கட்டியவன், எனக்கும் தந்தார்கள். நமக்கு டீ செலவுக்கு அரசாங்கம் கொடுத்திருக்கிறது என்று ஆபீஸில் சிரித்தோம். பத்திரிகைகள் அதைக் கருணைத் தொகை என்று எழுதின. 2021 மார்ச் 23-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஆறு மாதத்துக்கு யாரிடமும் வட்டிக்கு வட்டி வாங்கக்கூடாது, வாங்கியிருந்தால் திருப்பித் தரவோ கணக்கில் சரிக்கட்டவோ வேண்டும் என்றது. ஆறு மாதத்து வட்டிக்கு வட்டி நாட்டையே நீதிமன்றத்துக்கு இழுத்தது. என் கணக்கில் ஐம்பத்தேழு மாதத்து வட்டிக்கு வட்டி சத்தமில்லாமல் படுத்திருந்தது.

(இதற்கு நடுவே ஒரு வேடிக்கை. இந்தக் கூடுதல் வட்டிக்கெல்லாம் நான் வருடா வருடம் 80ஈ பிரிவில் வருமான வரிக் கழிவும் வாங்கியிருக்கிறேன். நல்லவேளை, வட்டிச் சான்றிதழ் கொடுத்தது வங்கி.)

ஒப்புக்கொள்கிறீர்களா

புகாரை எழுதியபோது அப்பாவுக்கு ஒரே கவலைதான். "அந்தப் பையன் ஸ்டேட்மெண்ட் எடுத்துக் கொடுத்தான்னு எங்கயும் எழுதிறாத. தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவாங்க." எழுதவில்லை. கடன் ஆணையின் இரண்டாம் பக்கம், ஸ்டேட்மெண்டின் முதல் பக்கம், என் கணக்கு, மூன்றையும் வைத்துக் கிளைக்கும் வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கும் அனுப்பினேன்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. வட்டி கணினியால் தானாகக் கணக்கிடப்படுகிறது, எனவே மனிதத் தவறுக்கு இடமில்லை. 2017-க்கு முந்தைய விவரத்தை இப்போது எழுப்ப முடியாது. உங்கள் புகார் வங்கியின் உள் குறைதீர்ப்பாளரால் பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்படுகிறது. இந்த உள் குறைதீர்ப்பாளர் என்பவர் 2018-ல் ரிசர்வ் வங்கி தனித் திட்டமாக்கிய ஏற்பாடு. கிளைகள் நிறைய உள்ள வங்கி ஒரு புகாரை நிராகரிக்கும் முன் தனக்குள்ளேயே தனியாக இருக்கும் அந்த அதிகாரியிடம் காட்டியாக வேண்டும். காட்டியிருக்கிறார்கள். அவரும் சரி என்றிருக்கிறார். ஒரு கையெழுத்துக்கு இரண்டு கையெழுத்து.

கணினி போட்டது என்ற பதில் என்னைப் பெரிதாகத் தொடவில்லை. நான் செய்வதே சாஃப்ட்வேர் வேலை, கணினி எதைப் போடும் என்று தெரியும். யாரோ ஒருவர் கணக்கு திறக்கும்போது தனிவட்டி என்பதற்குப் பதில் பக்கத்துக் கட்டத்தை டிக் செய்திருப்பார், அவ்வளவுதான். காலாவதி என்றதுதான் பயமுறுத்தியது. வக்கீலாக இருக்கும் பள்ளி நண்பனிடம் கேட்டேன். 1963-ம் வருடத்துக் காலவரையறைச் சட்டத்தின் 17-வது பிரிவைக் காட்டினான். தவறின் விளைவிலிருந்து நிவாரணம் கேட்டால், தவறு தெரியவந்த நாளில் இருந்துதான் கெடு ஓடத் தொடங்கும். எனக்குத் தெரியவந்தது 2022 ஜூலையில், அப்பாவின் முஷ்டியில். "நான் வந்து ஆஜராகட்டுமா" என்று கேட்டான். வங்கிகள்மேல் வரும் புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் வக்கீல் வைத்துப் புகார் கொடுக்க முடியாது, கடன் வாங்கியவரே வக்கீலாக இருந்தால் ஒழிய. அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஆம்புட்ஸ்மேன் வழி பலருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 நவம்பர் 12 முதல் இருந்த ஒருங்கிணைந்த திட்டப்படி, வங்கி நிராகரித்தாலோ, முப்பது நாளில் பதில் தராவிட்டாலோ, ஒரு வருடத்துக்குள் ரிசர்வ் வங்கியின் புகார்த் தளத்தில் போடலாம். கட்டணம் கிடையாது. எந்த ஊர்க் கிளை, எந்த ஊர் ஆபீஸ் என்று அலைய வேண்டாம். காகிதத்தில் அனுப்பினால் சண்டிகருக்கு அனுப்ப வேண்டும். அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் ஒரு லட்சம் வரை தனியாகக் கேட்கலாம் என்றும் திட்டத்தில் இருந்தது. நண்பன் கேள் கேள் என்றான். அப்பா, "மன உளைச்சலுக்கு விலை போடுறதா, அசிங்கம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அக்டோபரில் புகாரைப் பதிந்தேன்.

ஜனவரியில் ஒரு மின்னஞ்சல். வங்கி சமரசத்துக்கு வருகிறது. நல்லெண்ண அடிப்படையில் 27,000 ரூபாயை வரவு வைக்கத் தயார். ஒப்புக்கொள்கிறீர்களா, ஆம் அல்லது இல்லை என்று பதில் தரவும்.

உண்மையைச் சொன்னால் முதல் நாள் ராத்திரி "ஆம்" என்று தட்டி வைத்துவிட்டேன். அனுப்பவில்லை. ஐந்து மாதமாக ஸ்கேன், பிடிஎஃப், புகார் எண் என்று சலித்துப் போயிருந்தது. 27,000 என்பது சும்மா வருகிற பணம் மாதிரித் தெரிந்தது, இதைத்தான் அவர்களும் எதிர்பார்த்திருக்க வேண்டும். ஆனால் கணக்கு இடித்தது. 27,000 என்பது 2017-ல் நின்ற வித்தியாசம். அதை அசலாக்கி ஐந்து வருடம் என்னிடம் வட்டி வாங்கியிருக்கிறார்கள். திருப்பும்போது மட்டும் அந்த ஐந்து வருடம் நடக்கவே இல்லை என்கிறார்கள். நான் ஒரு தவணையை ஐந்து வருடம் கழித்துக் கட்டினால் அதே தொகையை வாங்கிக்கொள்வார்களா?

ஊருக்குப் போன் செய்தேன். அம்மா உடனே, "வாங்கிக்கடா, பேங்க்காரன்கிட்ட யாரு ஜெயிச்சிருக்கா" என்றார். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார், "என்ன வார்த்தை போட்டிருக்கான்?"

"நல்லெண்ண அடிப்படையில்னு போட்டிருக்கு. கருணைத் தொகை மாதிரின்னு வச்சுக்கங்க."

முப்பத்து நாலு வருடம் தாள் திருத்தியவர். "இங்க பாரு. மொத்த மார்க்கு கூட்டுனதுல தப்புன்னு ஒரு பையன் தாளக் கொண்டுவந்தா, எட்டிப் பாப்பேன். தப்புன்னா அடிச்சுட்டுத் திருத்திப் போட்டு, பக்கத்துல கையெழுத்துப் போடுவேன். அது அவன் மார்க்கு. கருணை மதிப்பெண்ணுங்கிறது வேற. அது முப்பத்து மூணு எடுத்து ஃபெயிலாகி நிக்கிறவனுக்குப் போடுறது. நீ ஃபெயிலா?"

"இல்ல" என்றேன். மின்னஞ்சலிலும் அதையே அனுப்பினேன். கூடவே மாதவாரியாக முழுக் கணக்கும்.

ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு

மார்ச்சில் முழுத் தொகையும் வந்தது. எப்படி வந்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆம்புட்ஸ்மேன் அலுவலகத்தில் இருந்து ஒருமுறை போன் செய்து, தவணை தொடங்கிய தேதியைக் கேட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு வாரத்தில் கணக்கு திருந்தியிருந்தது. நான் சொன்ன எண்ணுக்கும் அவர்கள் போட்டதற்கும் நாற்பது ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. அதாவது அவர்களும் உட்கார்ந்து, தனிவட்டியில் இருந்து ஆரம்பித்து, அதே கணக்கைத்தான் போட்டிருக்கிறார்கள். போட்டுவிட்டு, மேலே "ஒருமுறைச் சலுகை" என்று எழுதியிருக்கிறார்கள்.

அந்தச் சொல்லை எடுத்துவிட்டுத் திருத்தம் என்று போடுங்கள் எனக் கேட்டு எழுதினேன். தொகை கிடைத்துத் தீர்ந்த புகாராக அது மூடப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் உண்டு, ஆனால் அது தீர்ப்பை எதிர்த்தோ, உத்தரவோடு தள்ளுபடி செய்ததை எதிர்த்தோதான். கேட்ட காசு முழுசாக வந்தபின் எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வது? நண்பர்கள் சிரித்தார்கள். ஐம்பதாயிரத்தை வாங்கிக்கொண்டு அகராதிக்குச் சண்டை போடுகிறான், வாத்தியார் மகன் இல்லையா என்றார்கள்.

ரோஷம்தான் என்று நானும் கொஞ்ச காலம் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பஸ்ஸில் போகும்போதுதான் உறைத்தது. 2012-ல் அந்தக் கிளையில் கையெழுத்துப் போட நாங்கள் நின்ற வரிசையில் எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அப்பாவைப் பார்த்து முணுமுணுத்தவர்கள். அதே வாரம், அதே மேஜை, அதே டிக். என் கணக்கில் நடந்தது பிழை என்று வங்கி எழுதினால், அடுத்த கேள்வி தானாக வரும்: மற்ற கணக்குகளைப் பார்த்தீர்களா? சலுகை என்று எழுதினால் அந்தக் கேள்வி எழாது. பிழை ஒரு கட்டு விடைத்தாள் முழுவதையும் மறுபடி பிரிக்கச் சொல்லும். கருணை ஒரு பையனோடு நின்றுவிடும்.

இதையும் எழுதிக் கேட்டேன். மற்ற வாடிக்கையாளர்களின் கணக்கு விவரங்களைப் பகிர இயலாது என்றார்கள். நியாயம், நான் விவரம் கேட்கவில்லை என்பதைத் தவிர. அந்த வரிசையில் நின்றவர்களில் எனக்குத் தெரிந்தவன் ஒருத்தன்தான், ஹாஸ்டலில் பக்கத்து அறை. போன் செய்து டிசம்பர், ஜனவரியைப் பார்க்கச் சொன்னேன். அவன் மாமனார் கொடுத்த பணத்தில் 2019-லேயே கடனை மொத்தமாக அடைத்துவிட்டான். "கட்டி முடிச்ச நாத்தத்த ஏண்டா கிளர்ற" என்றான். மேலே நான் என்ன சொல்ல?

2024 ஏப்ரல் கடைசியில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் வட்டி போடும் முறைகளில் நியாயமற்ற பழக்கங்களை ஆய்வில் கண்டதாகவும், கூடுதலாக வாங்கிய வட்டியைத் திருப்பித் தரச் சொல்லியிருப்பதாகவும் அதில் இருந்தது. கடனைக் கொடுத்த தேதிக்கு முன்பிருந்தே வட்டி போடுவது, மாத நடுவில் கொடுத்தாலும் முழு மாதத்துக்கும் போடுவது என்று அதில் சொன்னவை வேறு ரகம், என் விஷயம் அதில் இல்லை. ஆனாலும் ஆபீஸில் உட்கார்ந்து அந்த ஒன்றரைப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். சலுகை என்ற சொல் எங்கேயும் இல்லை. அச்செடுத்து அப்பாவுக்குத் தபாலில் அனுப்பினேன். அதுவும் ரேஷன் கார்டு ஃபைலுக்குள் போயிருக்கும்.

சித்தி மகன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவன் கடன் வேறு வங்கி, வேறு ஊர். போனிலேயே ஸ்டேட்மெண்டை எடுத்துக் காட்டினான். எழுத்து பொடிப்பொடியாக இருந்தது. அப்பா கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் சரிப்படாது, பஸ் ஸ்டாண்டு பக்கம் போயி பிரிண்ட் எடுத்துட்டு வா" என்றார். மாட்டுப் பொங்கல் அன்று பாதிக் கடைகள் அடைத்துக் கிடந்தன. ஒருமணி நேரம் அலைந்து நாலு தாள் எடுத்து வந்தான். கூடத்தில் விரித்தார்கள். அப்பா ஸ்கேலை வைத்து இறங்கினார்.

டிசம்பரில் 642. ஜனவரியில் 642.

"சரியா இருக்கு பெரியப்பா" என்றான் அவன், தாள்களை மடிக்கப் போனான்.

"இரு, அவசரப்படாத" என்று சொல்லிவிட்டு, அப்பா ஸ்கேலை ஜூலைக்கு நகர்த்தினார்.